வண்டி வாத்தியாரான வரலாறு

அங்கேரி நாட்டின் வடமேற்கில், வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடைப்பட்ட பழைய பெருவழியை ஒட்டி, கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நம் விளையாட்டுத் திடல்களில் பிள்ளைகள் "கோச்" என்று கூப்பிடுகிறார்களே, ஏறத்தாழ அதே ஒலிதான். அவ்வூர்க்காரர் வாயில் ஓகாரம் ஒகரமாகக் குறுகும், அவ்வளவே வேறுபாடு. 15ஆம் நூற்றாண்டில், மத்தியாஸ் கொர்வினஸ் அந்நாட்டை ஆண்ட காலத்தில், இவ்வூர்த் தச்சர்கள் கட்டிய வண்டி இலகுவாகவும் விரைவாகவும் ஓடியதால் ஐரோப்பாவெங்கும் பேர் எடுத்தது. அங்கேரி மொழியில் செகேர் என்றால் வண்டி. ஊர்ப்பெயரோடு இகரம் சேர்ந்தால் அவ்வூருக்குரியது என்று பொருள். ஆகவே 'கோச்சி செகேர்' என்பது கோச் ஊர் வண்டி. நாளடைவில் செகேர் உதிர்ந்துபோயிற்று, கோச்சி நின்றது, அடைமொழியாக வந்தது தானே பெயராகி வண்டியைச் சுட்டியது. மணப்பெண்ணுக்குக் காஞ்சிபுரம் எடுத்தார்கள் என்று நாம் சொல்லும்போது சேலை என்ற சொல்லை எப்படி விழுங்கிவிடுகிறோமோ அப்படி. இடவாகுபெயர் என்று நாம் பள்ளியில் படித்த அந்தப் பழக்கம் டான்யூப் ஆற்றங்கரையிலும் அதே வேலையைச் செய்திருப்பதைக் காணும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்லன்பர்கள் அறிவார்கள்.

அங்கிருந்து அச்சொல் தன் வண்டியிலேயே ஏறி ஊர் ஊராகப் போயிற்று. செருமானியர் நாவில் குட்ஷ, பிரெஞ்சுக்காரர் நாவில் கோஷ், ஸ்பானியர் நாவில் கோச்சே, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் நாவில் கோச். குதிரைகள் போய் எந்திரம் வந்த பிறகும் ஸ்பானியர் மகிழுந்தைக் கோச்சே என்றுதான் சொல்கிறார்கள், அங்கேரியர் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் அது ஒருமுறை வந்ததோடு நிற்கவில்லை. முதலில் துரைமாரும் ஜமீன்தார்களும் ஏறிய கோச்சு வண்டியாக வந்தது. பிறகு ரயில் பெட்டியின் பெயராக வந்தது. 1955 முதல் பெரம்பூரில் ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெயரில் நடுவெழுத்து அந்த அங்கேரிச் சிற்றூர்தான். மூன்றாவதாக, தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் கோச்சிங் வகுப்பாகவும், திடலில் ஊதலோடு நிற்கும் கோச் சாராகவும் வந்தது. ஒரே சொல் மூன்று வேடத்தில் நம் வீட்டுக்குள் நுழைந்து மூன்று பேர்போல உட்கார்ந்திருக்கிறது.

வண்டி எப்படி ஆசிரியர் ஆயிற்று? 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் குறும்புப் பேச்சில் அது நடந்தது. பணம் வாங்கிக்கொண்டு தனியே பாடம் சொல்லித் தேர்வின் அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் ஆசிரியரை அவர்கள் வண்டி என்றார்கள். தாங்கள் உட்கார்ந்திருந்தால் போதும், அவர் இழுத்துச் சென்றுவிடுவார் என்பது அதில் இருக்கும் கேலி. 1860களில் படகோட்டப் பழக்குபவருக்கு அப்பெயர் போயிற்று. கேலி மெல்லத் தேய்ந்து மதிப்பு மிஞ்சியது. வடமொழியில் குரு என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் கனமானது என்பது. அங்கே ஆசிரியர் எடை மிக்கவர், ஆங்கில மாணவர் பேச்சில் அவர் எடை சுமப்பவர். தமிழ் இரண்டையும் விட்டு வேறிடத்தில் நிற்கிறது. பயில் என்ற வேருக்கு நெருங்குதல், அடுத்தடுத்து நிகழ்தல், பழகுதல் என்று பொருள் விரியும். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து அதனோடு நெருங்குவது பயிற்சி, அப்படி நெருங்கச் செய்பவர் பயிற்றுநர். நம் சொல்லில் யாரும் யாரையும் தூக்கிச் செல்வதில்லை; பயில்பவன்தான் நடக்க வேண்டும்.

இந்த வண்டிச் சொல் அமெரிக்கக் கல்லூரித் திடலில் கௌரவமான ஒரு பதவியின் பெயராக நிலைபெற்றதில் பெரும்பங்கு உடையவர் ஒருவர் இருக்கிறார்: ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்து, 1965 மார்ச் 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் மறைந்தவர். 102 ஆண்டு வாழ்வு. அதில் 57 பருவங்கள் அமெரிக்கக் கால்பந்தின் தலைமைப் பயிற்றுநராக நின்று, 314 ஆட்டங்களை வென்றவர். இந்த எண்ணிக்கைகளுக்காக அல்ல, அவருடைய பெயருக்காகவே நான் அவரிடம் போனேன். மூன்று சொல் கொண்ட அப்பெயரில் மூன்று தொலைநிலங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஆமோஸ் எபிரேயச் சொல். சுமத்தல், சுமையேற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. சுமப்பவன் என்றும், இறைவனால் சுமக்கப்பட்டவன் என்றும் இரு பக்கமும் பொருள் சொல்வார்கள். விவிலியத்தில் தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பேணிய தீர்க்கதரிசி ஒருவரின் பெயர் அது. ஆங்கிலேயர் ஏமஸ் என்று உச்சரிக்க, தமிழ் விவிலியம் எபிரேய ஒலியை ஒட்டி ஆமோஸ் என்று நெடிலோடு எழுதியது. மூலத்துக்கு நம் வடிவமே நெருக்கமானது, ஆகையால் நான் அதையே எழுதுகிறேன். சுமப்பவன் என்ற பெயர் பெற்ற குழந்தை வளர்ந்து, சுமக்கும் வண்டியின் பெயரால் உலகத்தாரால் அழைக்கப்பட்டது என்பதில் எனக்குத் தெவிட்டாத வியப்பு. எபிரேயமும் அங்கேரி மொழியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே மனிதர்மேல் ஒரே பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டன.

இந்தப் பெயரைத் தமிழாக்க வேண்டுமென்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பொறை என்ற சொல் வந்து நின்றது. பொறு என்ற வினைக்குத் தாங்குதல் என்பதே பொருள். பாரத்தைத் தாங்கினால் பொறை என்பது சுமை, பிறர் செய்யும் தீங்கைத் தாங்கினால் அதே பொறை பொறுமை, ஒரு வேலையைத் தாங்கினால் அது பொறுப்பு. மலைக்கும் பொறை என்று பெயருண்டு. சேர மன்னர் பொறையன் என்றும் இரும்பொறை என்றும் விளங்கியது அந்த வழியில். சுமையையும் பொறுமையையும் ஒரே சொல்லில் வைத்துப் பார்த்த மொழி நம்முடையது என்ற எண்ணம் வந்தபோது, ஸ்டாக்கின் வாழ்வை அந்த ஒரு சொல்லுக்குள் வைத்துப் படிக்கலாம் என்று தோன்றியது.

அலோன்சோ ஸ்பானிய வழியில் வந்தது. ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியரின் செருமானியப் பெயர் ஒன்று அல்போன்சோ ஆகி, அலோன்சோ என்று மெலிந்தது. ஈற்றிலுள்ள பகுதிக்கு ஆயத்தமானவன் என்று பொருள் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் பிள்ளைகளுக்கு இத்தகைய தென்னாட்டு ஒலியுள்ள பெயர்களை ஆசையாகச் சூட்டினார்கள். காலணி தைத்துக் குடும்பம் நடத்திய ஒரு தகப்பனின் வீட்டிலும் அந்த அரசப் பெயர் நுழைந்தது. நண்பர்கள் அதைச் சுருக்கி லானி என்றார்கள். மூன்று பெயரில் அன்புக்கு ஆளானது நடுப்பெயர்தான்.

கடைசியில் நிற்பது ஸ்டாக். கடைச் சரக்கைச் சொல்லும் ஸ்டாக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் ஆங்கில உயிரொலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லாததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பேங்க் என்றும் பாங்கு என்றும் நாம் இன்னும் தடுமாறுவது அதே ஒலியால்தான். ஸ்டாக் என்றால் கொம்புள்ள ஆண்மான். ஆனால் பழைய ஆங்கிலத்திலும் அதன் வடபுல உறவுமொழிகளிலும் அச்சொல் மானோடு மட்டும் கட்டுண்டதன்று; ஆண் நரி, ஆண் வாத்து போன்ற வேறு ஆண் உயிர்களுக்கும் அதன் உறவுச் சொற்கள் வழங்கியிருக்கின்றன. தொல்காப்பிய மரபியலைப் புரட்டியவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். ஏறு, ஒருத்தல், போத்து என்று பல விலங்குகளுக்குப் பொதுவாக ஆண்பாற் பெயர் வகுத்து, மானுக்கு இரலை என்றும் கலை என்றும் தனியே வைத்த மரபல்லவா நம்முடையது! ஆங்கிலம் பொதுப்பெயர் ஒன்றை மெல்ல மெல்ல ஒரு விலங்கிடம் விட்டுவிட்டது. நாம் தொடக்கத்திலேயே பொதுவையும் சிறப்பையும் பிரித்து வைத்துக்கொண்டோம். ஆகவே நம் வாய்க்கு அவர் கலைமான் வீட்டுப் பொறையன்.

வறுமையோடு பள்ளிப்படிப்பை முடித்த அவர் 1884இல் யேல் கல்லூரியில் சேர்ந்தார். இந்தப் பெயரிடம் தமிழ்நாட்டு வாசகர் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், ரெக்ஸ்ஹாமுக்கு அருகில், யால் என்று ஒரு மேட்டுநில வட்டாரம் உண்டு. அந்த மண்ணின் பெயரைக் குடிப்பெயராகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தவர்; கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை ஆலயத்தில் மணம் செய்துகொண்டவர்; தம் சிறு மகனைச் சென்னை மண்ணில் புதைத்தவர். சென்னையில் திரட்டிய செல்வத்தோடு ஊர் திரும்பிய அவர், 1718இல் ஒன்பது பொதி சரக்கும் 417 நூல்களும் ஓர் அரச ஓவியமும் கடல்கடந்து அனுப்ப, அந்தப் பொதிகளை விற்ற பணத்தில் எழுந்த கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அவர் ஆட்சியில் சென்னைத் துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் ஆவணங்களில் இருக்கிறது. பெயரின் வரலாற்றைச் சொல்பவன் அதை மறைத்துச் சொல்லலாகாது. ஒரு வேல்ஸ் மேட்டுநிலம் சென்னைத் துறைமுகம் வழியாக ஓர் அமெரிக்கக் கல்லூரியின் நெற்றியில் போய் ஒட்டியது.

யேலில் ஸ்டாக் சமயப் போதகராகும் எண்ணத்தோடு இறையியல் படித்தார். தளப்பந்தில் அவர் புகழ்பெற்ற எறிவாளர். பணம் கொடுத்து ஆட அழைத்த தொழில்முறை அணிகளை மறுத்துவிட்டார். 1889இல் கால்பந்தில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் பதினொருவரை முதன்முதலாகப் பட்டியலிட்டபோது அதில் அவர் பெயர் இருந்தது. ஆனால் மேடையில் நின்று பேசும் வன்மை தமக்கு இல்லையென்று அவர் உணர்ந்தார். போதகர் மேடையை விட்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே உடன் இருந்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1891 டிசம்பரில் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடிக்க, 1892 மார்ச் 11 அன்று மக்கள் பார்க்க நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் 5க்கு 1 என்று ஆசிரியர்களை வென்றார்கள். ஆசிரியர்களின் அந்த ஒன்று ஸ்டாக் போட்டது.

அவ்வாண்டே யேலில் தமக்கு ஆசிரியராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அழைக்க, ஸ்டாக் புதிதாகத் திறந்த சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அதுவரை கல்லூரி அணிகளை நடத்தியவர் பெரும்பாலும் அணித்தலைவரான மாணவரே. பழைய மாணவர் சிலர் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். யேலின் வால்ட்டர் கேம்ப், அமெரிக்கக் கால்பந்தின் தந்தை என்று சொல்லப்படுபவர், கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அந்த யோசனைகளைச் சொன்னவர். ஹார்ப்பரோ ஸ்டாக்குக்கு இணைப் பேராசிரியர் பதவி கொடுத்து, நிலையான பணியில் அமர்த்தினார். ஆக்ஸ்போர்டு மாணவர்கள் கேலியாகச் சொன்ன வண்டி, வெளிவாசலில் நின்ற வண்டி, பேராசிரியர் வரிசைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது அப்போதுதான். இன்று அமெரிக்காவில் அச்சொல் பெயருக்கு முன் நிற்கும் பட்டமாகவும், பெயரே இல்லாமல் தனித்து நிற்கும் விளியாகவும் ஆகிவிட்டது. இதற்கு நிகரானதை நம்மிடம் தேடினால் வாத்தியார் கிடைக்கிறார். உபாத்தியாயர் என்ற வடசொல் தலையும் இடையும் தேய்ந்து வாத்தியார் ஆகி, பள்ளிக்கூடத்திலிருந்து சிலம்பக் களம் வரை போய், கம்பு கற்றுத் தருபவரையும் "வாத்தியாரே" என்று விளிக்க வைத்தது. அங்கே வண்டி ஏறிப் பட்டமாயிற்று. இங்கே பட்டம் இறங்கி நம் தோளில் கைபோடும் சொல்லாயிற்று.

அவர் பயிற்றிய ஆட்டத்தின் பெயரையும் பார்த்துவிடுவோம். கால்பந்து என்று பெயர், ஆனால் பெரும்பொழுதும் கையில்தான் பந்து இருக்கும். இரு முனையும் கூர்ந்த பந்து. ஆட்டத்தின் பிறப்பில் கால் இருந்தது, வளர்ச்சியில் கை மிகுந்தது, பெயர் பிறப்பிலேயே நின்றுவிட்டது. 1882இல் கேம்ப் கொண்டுவந்த விதியால், மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறாத அணி பந்தைக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்த 5 கெஜத்தை அளக்கத் திடலின் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் இட்டார்கள். மேலிருந்து பார்த்தால் இறைச்சி வாட்டும் கம்பிச் சட்டம்போல இருந்ததால் திடலுக்கும் ஆட்டத்துக்கும் கிரிடைரன் என்று பெயர் வந்தது. ஈற்றில் இருக்கும் ஐரன் இரும்பு என்றே எவரும் நினைப்பார்கள். இல்லை, நடுக்கால ஆங்கிலத்தில் கிரெடில் என்று இருந்த சொல்லின் வால் கிரெடிர் என்று திரிய, அந்த ஈற்றில் மக்கள் செவிக்கு இரும்பு கேட்டது, இரும்பையே வைத்து ஒட்டிவிட்டார்கள். மக்கள் நா செய்யும் இத்தகைய பொருள்கொளலை நாமும் அறிவோம். பயில்வான் என்ற சொல்லைப் பயில் என்னும் வேரோடு சேர்த்துப் பார்க்காத தமிழர் உண்டா? அது பாரசீகப் பகல்வான், மற்போர் வீரன். நம் காது அதற்குள் பயிற்சியைக் கேட்டது, பகரத்துக்குப் பின் யகரத்தை வைத்துத் தமிழ்ப்பிள்ளையாக்கிக்கொண்டது.

எதிராளியை மறித்துப் பிடித்து வீழ்த்துவதற்கு அவர்கள் டேக்கிள் என்பார்கள். ஸ்டாக் அந்தப் பிடியைப் பழக்க, சுருட்டிய மெத்தையைத் தொங்கவிட்டு அதன்மேல் பாயச் சொன்னார். இன்றும் அப்பொம்மை இல்லாத பயிற்சித் திடல் இல்லை. டேக்கிள் என்றதும் நம் தாக்கு நினைவுக்கு வரும். பொருளும் ஒட்டும்போல இருக்கும். அதன் டச்சு வடிவம் தாக்கெல் என்றே ஒலிக்கும். ஆயினும் உறவு கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அது கப்பல் கயிறும் கப்பியும் சேர்ந்த கருவித் தொகுதியின் பெயர். கட்டுதல், பற்றுதல் என்று பொருள் நகர்ந்து ஆட்டக்களத்துக்கு வந்தது. ஒலி ஒத்துவிட்டதென்று உலகச் சொல்லையெல்லாம் தமிழ் வீட்டுப் பிள்ளையாக்குவது தமிழுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம்முடையது என்று சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது.

அவ்விளையாட்டு அக்காலத்தில் உயிர்குடிக்கும் விளையாட்டாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் சாவுகள் பெருகி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பெரியவர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. மறு ஆண்டு முன்னோக்கி எறிதலை விதி ஏற்றுக்கொண்டு ஆட்டத்தை விரித்தது. விதிகளை வகுத்த குழுவில் ஸ்டாக் நெடுங்காலம் இருந்தார். அதே 1905இன் நவம்பர் கடைசியில் அவருடைய சிகாகோ அணி, 56 ஆட்டங்களாகத் தோல்வியறியாத மிச்சிகனை 2க்கு 0 என்று வென்றது.

குடியும் புகையும் அவரிடம் இல்லை; வசைச்சொல்லும் வராது. கோபம் வந்தால் கழுதை என்பார். கோபம் கூடினால் இரட்டைக் கழுதை. அதற்கும் மேலே மூன்று மடங்கு கழுதை. "போடா கழுதை" என்பதில் எவ்வளவு வாஞ்சையை வைக்கலாம் என்று தெரிந்த நமக்கு இந்த ஏணியின் சுவை எளிதில் பிடிபடும்.

சிகாகோவில் அவருக்கு நாற்பதுகளிலேயே கிழவர் என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் கிழவர் என்றால் வயது முதிர்ந்தவர் மட்டுமல்லர், கப்பல் தலைவனும் பணித்தலைவனும் அப்பெயரால் குறிக்கப்படுவார்கள். நம் சொல்லோ தலைகீழாக நடந்தது. கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரிமையுடையவன். சங்க அகப்பாடல் இலக்கணத்தில் கிழவன் தலைவன், கிழத்தி தலைவி, இருவரும் இளமை ததும்புபவர்கள். பொருளின் மேல் உரிமை வீட்டுப் பெரியவரிடம் இருந்ததால் சொல் முதுமைப் பக்கம் சாய்ந்து, உரிமையை இழந்து, முதுமை மட்டும் எஞ்சியது. முதுமையைச் சொல்லும் சொல்லில் ஆங்கிலம் தலைமையை ஏற்றியது. தலைமையைச் சொன்ன சொல்லில் தமிழ் முதுமையை ஏற்றியது. நாற்பது வயது ஸ்டாக்கை அவர் பிள்ளைகள் கிழவர் என்றபோது, அறியாமலே நம் பழைய பொருளில் சொல்லியிருக்கிறார்கள்.

புதுப் பொருளில் கிழவரானதும் சிகாகோ அவரை விட்டுவிட்டது. எழுபது வயதில் ஓய்வு என்பது விதி. 1932ஆம் ஆண்டுப் பருவத்தோடு நாற்பதாண்டுப் பணி முடிந்தது. வேலையில்லாத மதிப்புப் பதவி ஒன்று கொடுக்க முன்வந்தார்கள். அவர் அதை ஏற்காமல், மனைவி ஸ்டெல்லாவோடு நாட்டின் மறு கரைக்குப் போய், ஸ்டாக்டனில் இருந்த பசிபிக் கல்லூரியில் புதிதாகத் தொடங்கினார். ஸ்டெல்லா என்றால் இலத்தீனில் விண்மீன். கணவர் ஆட்டங்களின் நகர்வுகளை வரைபடமாக்கிக் கொடுத்தவர் அந்த அம்மையார். 1938இல் ஸ்டாக் தம் பசிபிக் அணியைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்கு வந்து, தம் பெயரையே தாங்கிய திடலில், பழைய பல்கலைக்கழகத்தை 32க்கு 0 என்று வென்றார். மறு ஆண்டின் முடிவில் சிகாகோ கால்பந்தையே கைவிட்டது. 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநராக நாடு அவரைத் தேர்ந்தது.

அந்தத் திடலின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. நிலத்தைக் கொடுத்தவர் மார்ஷல் ஃபீல்ட் என்னும் பெருவணிகர். ஃபீல்ட் என்றால் ஆங்கிலத்தில் வயலும் திடலும்; கொடையாளியின் முழுப்பெயரை அப்படியே எழுதினாலே திடலின் பெயராகிவிட்டது. நம் களம் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள்: கதிரடிப்பது ஏர்க்களம், போரிடுவது போர்க்களம், ஆடுவது ஆடுகளம். பிறகு அது ஸ்டாக் திடல் ஆயிற்று. ஆட்டம் நின்றபின் வெறுமையாய்க் கிடந்த அதன் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில், பந்தாடும் ஓர் அறையில், என்ரிகோ ஃபெர்மியும் அவர் குழுவும் கரித்துண்டுகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் தொடர் அணுப்பிளவை நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சிகாகோ அடுக்கு 1. அடுக்கியது அடுக்கு, அவ்வளவே. போதகராகப் படித்து, கழுதை என்பதற்கு மேல் வசையறியாத ஒருவரின் பெயர், அணுயுகத்தின் பிறந்த வீட்டு முகவரியாக எழுதப்பட்டதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. மேடையை 1957இல் இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் இப்போது பெரிய நூலகம் இருக்கிறது; ஹென்றி மூர் வடித்த சிற்பம் ஒன்றும் நிற்கிறது.

1946இல் பசிபிக்கை விட்ட பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா பல்கலைக்கழகத்தில் மகன் பயிற்றுநர். அங்கே போய் 1947 முதல் 1952 வரை மகனோடு நின்றார். அம்மகனுக்கும் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்றே பெயர். ஸ்டாக்கின் தகப்பனார் பெயரும் ஆமோஸ்தான். அவர்கள் வழக்கில் தகப்பன் பெயர் மகனுக்கு இறங்கும். நம் வழக்கில் அது ஒரு படி தாண்டிப் பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகும், போவதனால்தானே அவன் பெயரன். அந்தப் பெயரன்தான் நம் வாயில் பேரன் ஆனான். உறவுமுறைச் சொல்லிலேயே பெயரைப் பொதித்து வைத்த மொழியைப் பேசுகிறோம் என்பதை நாம் அன்றாடம் மறந்துவிடுகிறோம். பிறகு ஸ்டாக் ஸ்டாக்டனுக்குத் திரும்பி, அவ்வூர் இளநிலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் திடலுக்குப் போய்வந்தார். கைக்கு மாறிப்போன ஆட்டத்தில் கடைசிவரை காலின் வேலையைச் சொல்லித்தந்தவர் அவர்.

அவர் பெயர் பள்ளிகளுக்கு இருக்கிறது, கோப்பைகளுக்கு இருக்கிறது. கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியில், ஆல்டர் ஓடைத் தோப்பில், ஏறத்தாழ 240 அடி உயரமுள்ள செக்கோயா மரம் ஒன்றுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய மரங்களுள் ஒன்று. 2020இல் அத்தோப்பில் பெருந்தீ புகுந்து பழமையான மரங்கள் பலவற்றை எரித்தது. ஸ்டாக் மரம் பிழைத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அது மானின் பெயர் கொண்ட மரம், அவ்வளவுதான். மானின் தலைமேல் இருப்பதற்கு ஒரு சொல், மரத்தின்மேல் இருப்பதற்கு வேறு சொல். நமக்கு இரண்டும் கொம்பு.